இறங்கு கரை

நிலப் பேச்சின் மூன்றாம் நாள் காலை, சமூகக் கூடத்தின் நீள மேசைமேல் டேவன்போர்ட் வரைபடத்தை முழுதாக விரித்தபோது ஹக்பி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

இரண்டு நாள் தொண்டை வற்றப் பேசி, இந்த ஊர் மக்களின் நிலம் என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்த துண்டுகள் எல்லாம் சிவப்புப் பென்சில் கோட்டுக்குள் இருந்தன. மொத்தம் பதினாறு துண்டு. ஆற்றை ஒட்டியே வந்த கோடு, வடகரையில் ஓரிடத்தில் மட்டும் எதையோ கண்டு மிரண்டதுபோல் விலகி, ஒரு பெரிய சுற்றுச் சுற்றிப் போய், மறுபடி ஆற்றோடு சேர்ந்தது. நடுவில் நாக்கு வடிவில் ஒரு வெள்ளை, வெளியே தள்ளப்பட்டு நின்றது.

"இது ஏன் வெளியே இருக்கு?" என்றாள்.

டேவன்போர்ட் தலைநகரிலிருந்து வந்த அரசு ஆள். நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசு ஆறும்.

"அங்கே யாரும் எதுவும் செஞ்சதா பதிவு இல்லை, ஹக்பி. கூடாரம் இல்லை, வேட்டை இல்லை, வலை போட்டதில்லை. சுரங்கக் கம்பெனி அந்த இடத்துல விமான ஓடுபாதையும் நூறு பேருக்குக் கொட்டகையும் கேட்டு மனு போட்டிருக்கு. யாருக்கும் வேண்டாத இடம்தானேன்னு நாங்களும் விட்டுட்டோம்."

"பதிவு இல்லைன்னு யார் சொன்னது?"

அவர் ஒரு பழைய தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஓரத்தில் இருந்த கையெழுத்து ஹக்பியுடையது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், நிலம் உங்களுடையது என்றால் ஆதாரம் காட்டுங்கள் என்று அரசு கேட்டபோது, ஆங்கிலம் படித்த இருபத்தாறு வயதுக்காரி ஹக்பிதான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முப்பத்தெட்டு வேட்டைக்காரர்கள். ஆளுக்கு ஒரு டிரேசிங் தாள், வரைபடத்தின்மேல் வைத்தால் அடியில் இருப்பது தெரியும். எங்கே கூடாரம் போட்டீர்கள், எங்கே மான் சுட்டீர்கள், எங்கே மீன் பிடித்தீர்கள் என்று கேட்டாள். அவர்கள் சொல்லச் சொல்லக் கோடு போட்டாள். முப்பத்தெட்டு பேரும் அந்த வடகரையை விட்டுவிட்டார்கள். அவளும் கேட்கவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாராவது யாரிடமாவது கேட்பார்களா?

அது இறங்கு கரை. இலையுதிர் காலத்தில் கரிபு மான் கூட்டம் வடக்கேயிருந்து வந்து ஆற்றில் இறங்கும் இடம். ஆயிரக்கணக்கில் வரும். எதிர்க்கரையில், கொஞ்சம் கீழே தள்ளி, நீந்தி வரும் மானை வேட்டையாட ஜனம் படகோடு காத்திருக்கும். வடகரையில் மட்டும் யாரும் கால் வைப்பதில்லை. கூடாரம் கூடாது, தீ கூடாது, ஒரு எலும்புத் துண்டு விழக்கூடாது, ஒன்றுக்குக்கூடப் போகக் கூடாது. மானுக்கு மனித வாடை பட்டால் அது வேறு துறை தேடிப் போய்விடும். மான் போனால் ஊர் பட்டினி. அந்தக் கரையை இத்தனை தலைமுறையாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். துடைத்து வைத்த இடத்தைப் பார்த்துத்தான் யாருக்கும் வேண்டாத இடம் என்கிறார் இந்த மனிதர்.

"அதைச் சேர்க்கணும்," என்றாள். 

டேவன்போர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு விமானம். மேற்கே பனிப்புயல் கட்டுதுன்னு விமானி சொல்றார், காத்திருக்க மாட்டார். அதுக்குள்ள கையெழுத்து ஆகலைன்னா வரைபடம் இப்படியேதான் போகும். இன்னொண்ணு, முதல் நாளே நாம பேசிக்கிட்டோம். மொத்த அளவு மாறாது. ஒண்ணு உள்ளே வந்தா, அதே அளவு இன்னொண்ணு வெளியே போகணும். அதுக்கும் முன்னால, அந்த இடம் உங்களுக்கு வேணும்ங்கிறதுக்கு எனக்கு ஆதாரம் வேணும். ஒரு மணிக்குப் பார்ப்போம்."

கூடத்துச் சமையலறையில் மூன்று பேரும் ரொட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஊருக்காகப் பேச வந்தவர்கள் இந்த மூவர்தான். ஹக்பி, அவள் அண்ணன் தபதாய், பிறகு அக்குலியாக். அரசு ஆளிடம் ஆங்கிலத்தில் பேசுபவள் ஹக்பி மட்டும். அக்குலியாக்குக்கு எழுபது வயது. அவருடைய தாய் இறந்த மாதம் பிறந்தவள் ஹக்பி. அந்தத் தாயின் பெயரைத்தான் இவளுக்கு வைத்தார்கள். அதனால் அவர் இவளை அம்மா என்பார், இவள் அவரை மகனே என்பாள். ஊரில் யாருக்கும் அது வேடிக்கையாகப் பட்டதில்லை.

தபதாய் ரொட்டியைத் தள்ளிவிட்டான். "வீடு வீடாப் போய் டீ குடிச்சியே, இதைக் கேக்கத் தோணலையா உனக்கு? அடிமடியிலேயே கை வெச்சிட்டியே!"

"எங்க போவீங்கன்னு கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். எங்க போக மாட்டீங்கன்னு கேக்கச் சொல்லலை."

"உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் கேக்கலை, அண்ணா! தெரியாதவ போயிருந்தா கேட்டிருப்பா. வெள்ளைக்காரப் பொண்ணு ஒருத்தி போயிருந்தா, இது என்ன ஓட்டைன்னு முதல் வீட்டிலேயே கேட்டிருப்பா."

அக்குலியாக் உலர்ந்த இறைச்சியை வாயில் குதப்பிக்கொண்டே சொன்னார். "இறங்கு கரையில கூடாரம் போட்டியான்னு என்கிட்ட வந்து கேட்டிருந்தா, அம்மான்னுகூடப் பாக்காம பல்லை உடைச்சிருப்பேன்."

"உனக்குப் பல்லே இல்லையே, மகனே."

"உன் பல்லைச் சொன்னேன்."

சாதாரண நாளாக இருந்தால் தபதாயும் சிரித்திருப்பான். அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கு கரை என்ற பேச்சு வந்தாலே அண்ணன் இப்படித்தான், முகத்தை மூடிக்கொள்வான். ஹக்பி அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள். தன்மேல் கோபப்பட இன்று எல்லாருக்கும் உரிமை உண்டு.

அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முப்பத்தெட்டு பேர் நம்பிப் பேசினார்கள். அவர்களில் இருபது பேர் இப்போது இல்லை. போய்க் கேட்கவும் முடியாது. அவர்கள் சொன்னதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

தாள்கள்.

ரொட்டியை அப்படியே போட்டுவிட்டுப் பனி வண்டியைக் கிளப்பினாள். சூடு எட்டாத வீட்டு முன்னறையில், விறைத்துக் கிடந்த மான் தோல்களுக்கு அடியில், அட்டைக் குழாய் இருந்தது. உள்ளே முப்பத்தெட்டு தாளும் பனியில் தகடுபோல் இறுகியிருந்தன. இப்போதே பிரித்தால் உடையும். அடுப்பருகே வைத்துக் குழாயைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினாள். பன்னிரண்டே முக்கால். புருஷன் ஏதோ கேட்டான். அவள் குழாயை இன்னொரு பக்கம் திருப்பினாள். ஒரு மணி ஐந்துக்குத்தான் முதல் தாள் வளைந்து கொடுத்தது.

அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது டேவன்போர்ட்டின் பக்கத்தில் கம்பெனியின் ஆள் ரீட்டும் வந்து உட்கார்ந்திருந்தான். இளவயசு. இரண்டு கோடைகாலமாக அந்த ஆற்றங்கரையைச் சுற்றிப் பாறை பார்த்தவன். கோப்பு ஒன்று மடியில் இருந்தது.

ஹக்பி நேரே ஜன்னலுக்குப் போனாள். தெற்கு ஜன்னலில் மே மாத வெயில் சுள்ளென்று அடித்தது. முதல் தாளைக் கண்ணாடியில் ஒட்டினாள். அதன்மேல் இரண்டாவது. நான்கு மூலையும் பொருந்தப் பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். அக்குலியாக் எழுந்து வந்து ஒட்டுநாடாவைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். பத்துத் தாள் ஏறியபோது ஆற்றின் வளைவு தெரிந்தது. இருபதில் ஏரிகள் எல்லாம் கோடுகளால் மூடிவிட்டன. முப்பத்தெட்டாவது தாள் ஏறியபோது ஜன்னல் முழுக்க சிக்குப் பிடித்த தலைமுடிபோல் கறுத்துக் கிடந்தது. வடகரையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெயில் தடையில்லாமல் உள்ளே வந்தது. நாக்கு வடிவம். விளிம்பில் முப்பத்தெட்டு பேருடைய கோடுகளும் வந்து வந்து நின்றிருந்தன.

டேவன்போர்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார்.

"முப்பத்தெட்டு பேர்," என்றாள் ஹக்பி. "இதுல ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசாதவங்க இருக்காங்க. அடுத்தவன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போனவன் இருக்கான், பறிகொடுத்தவனும் இருக்கான். எந்த நாய்க்குட்டி யாரோடதுன்னுகூட இவங்க ஒத்துப்போக மாட்டாங்க. இதுல மட்டும் ஒத்துப்போயிருக்காங்க. காலியான இடம்னா ஒருத்தராவது தப்பித்தவறி உள்ளே போயிருக்க மாட்டாங்களா? இது காலி இல்லை. நாங்க காலி பண்ணி வெச்சிருக்கிற இடம்." பிறகு அந்தக் கரையின் சட்டத்தை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தீ, எலும்பு, வாடை. சொல்லும்போது வெட்கமாக இருந்தது, குளிக்கும் முறையை அந்நியருக்கு விளக்குவதுபோல். ஆனாலும் விடாமல் சொல்லி முடித்து, ரீட்டைப் பார்த்தாள். "தெற்குக் கரையில எத்தனை பழைய கூடார வட்டம் பார்த்தீங்க?"

"எண்ணி முடியலை," என்றான் அவன்.

"வடகரையில?"

ரீட் கோப்பைத் திறந்தான். அவனுக்கும் அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "ஒண்ணு இருக்கு," என்று ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தான்.

கூடாரத்தின் ஓரம் பறக்காமல் இருக்க வைக்கிற கற்கள், வட்டமாகப் பதினொன்று. நடுவில் கரி படிந்த ஒரு பள்ளம். பக்கத்தில் துருப்பிடித்த டீ டப்பா.

 டேவன்போர்ட் படத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மேசையில் வந்து உட்கார்ந்தார். "யாரும் கால் வைக்கிறதில்லைன்னு சொன்னீங்களே," என்றார். திட்டவில்லை. ஏமாந்துபோன குரலில் சொன்னார். அது இன்னும் மோசமாக இருந்தது.

மணி இரண்டேகால்.

"அந்த டப்பா என்னோடது," என்றான் தபதாய்.

தங்கள் மொழியில்தான் சொன்னான். ஹக்பி திரும்பி அவனைப் பார்த்தாள். 

"சொல்லு. நான் சொல்றதை அப்படியே அவர்கிட்ட ஆங்கிலத்துல சொல்லு. எதையும் விடாதே."

சொன்னாள்.

தபதாய் நின்றபடியே பேசினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினான், அவள் மொழிபெயர்க்கட்டும் என்று. அந்த வாக்கியங்களை அவளும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப எனக்குப் பதினேழு வயசு. அப்பா இல்லை. அம்மாவுக்கு நெஞ்சுக் காய்ச்சல். மான் இறங்க நாலஞ்சு நாள் இருக்கும். ஆத்தைக் கடந்து எல்லாரும் இருக்கிற பக்கம் போயிடலாம்னு வந்தோம். காத்து அடிச்சுது. படகை இறக்கினா கவுந்துடும். அம்மா நடுக்கம் தாங்காம பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தா. நான் அங்கேயே கூடாரம் போட்டேன். தீ மூட்டினேன். டீ வெச்சேன். என் முதுகுல தங்கச்சி தூங்கிக்கிட்டிருந்தா. ஏழு வயசு."

"அவனோட தங்கச்சி..." என்று ஆங்கிலத்தில் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள்.

"தங்கச்சின்னா?" என்றார் டேவன்போர்ட்.

"நான்தான்," என்றாள். அந்த ராத்திரி அவளுக்கு நினைவே இல்லை.

தபதாய் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தான். "மறுநாள் காத்து நின்னுது, கடந்துட்டோம். யார்கிட்டயும் சொல்லலை. மான் வரலை. அந்த வருஷம் மான் எங்கேயோ மேல்பக்கம் இறங்கிடுச்சு. பதினோரு குடும்பம் ஆத்தங்கரையில காத்துக்கிட்டே இருந்துச்சு. அந்தக் குளிர்காலம் உக்பிக் ஏரியில அம்மா போனா. போனது அம்மா மட்டும் இல்லை." அவன் அக்குலியாக்கின் பக்கம் திரும்பினான்.  "உங்க ரெண்டு பிள்ளைங்களும், மாமா."

அக்குலியாக்கின் தாடை அசைவதை நிறுத்தியிருந்தது.

 ஹக்பி மொழிபெயர்க்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம். முப்பத்திரண்டு வருஷமாக இந்த மனுஷன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அக்குலியாக்கின் வீட்டுக்கு முதல் மானின் தொடைக்கறியை வருஷம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறான். ஊரே அவனை நல்ல பிள்ளை என்றது.

"தெரியும்," என்றார் அக்குலியாக்.

தபதாய் நிமிர்ந்தான்.

"பனி உருகினதும் போய்ப் பார்த்தேன். உன் அப்பனோட டீ டப்பா எனக்குத் தெரியாதா?"

"ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா பிள்ளைங்க திரும்பி வருமா? நீயும் பிள்ளைதான். உன் அம்மாவும் போயிட்டா." கிழவர் கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "கல்லை மட்டும் நான் தொடலை. போட்டவன்தான் எடுக்கணும். வருவான் வருவான்னு பார்த்தேன், நீ அந்தப் பக்கமே போகலை. பயந்தாங்கொள்ளி."

டேவன்போர்ட் ஹக்பியைப் பார்த்தார். "அவர் என்ன சொல்றார்?"

"அது எங்களுக்குள்ள."

"சரி." அவர் புகைப்படத்தை எடுத்து ரீட்டின் கோப்புக்குள் வைத்து, கோப்பை மூடினார். "ஒருத்தர் ஒரு ராத்திரி தங்கினதை முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு இப்படிச் சொல்றார்னா, அந்த இடம் என்னன்னு எனக்கு இனிமே யாரும் விளக்க வேண்டாம். சேர்த்துக்கிறேன்." சிவப்புப் பென்சிலை எடுத்தவர், உடனே கோடு போடவில்லை. "நானூத்திப் பத்து சதுர கிலோமீட்டர். வெளியே எது போகுதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மணி மூன்று பத்து.

பதினாறு துண்டில் அந்த அளவுக்கு ஈடானது மூன்றுதான். ஒன்று, கோடையில் எட்டு வீடு மீன் காயப்போடும் ஓடை. இன்னொன்றில்தான் ஊர் குடிக்கும் தண்ணீர். மூன்றாவது உக்பிக் ஏரி. அங்கே போவது ஒரே ஒரு குடும்பம், தபதாயும் ஹக்பியும் அவர்கள் பிள்ளைகளும். ஏரியின் கிழக்கு மேட்டில், உறைந்த நிலத்தில் குழி தோண்ட முடியாமல் அம்மாவின்மேல் குவித்த கற்கள் இருந்தன. ஏழு வயதில், உறைந்த விரலால், சின்னக் கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவள் ஹக்பி. முதல் நாள் பேச்சில் தபதாய் முதலில் விரல் வைத்த இடமும் அதுதான். மற்றதற்கெல்லாம் விட்டுக்கொடுத்துப் பேசியவன், அதற்கு மட்டும் மேசையைத் தட்டினான்.

"மறைக்க விரும்பலை," என்றார் டேவன்போர்ட், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. "அது அரசு நிலமாப் போனா, நீங்க வேட்டைக்குப் போகத் தடை இல்லை. ஆனா கம்பெனியோட அடுத்த மனு அங்கேதான் வரும். ஓடுபாதைக்குத் தோதான சமதளம் வேற எங்கேயும் இல்லை." ரீட் மேசையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையசைத்தான்.

வெளியே விமானத்தின் ஒரு இயந்திரம் இருமிக்கொண்டு கிளம்பியது.

ஹக்பிக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளையாக விட்டவள் நான். தப்பு என்னுடையது. பறிபோவது அம்மாவின் இடம், அவனுடைய இடம். எந்த முகத்தோடு கேட்பது? ஆங்கிலம் படித்தேன், ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய அந்த இருபத்தாறு வயதுக்காரியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

"அண்ணா," என்றாள். 

தபதாய் வரைபடத்தைப் பார்த்தான். அக்குலியாக்கைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்து, இரண்டு புருவத்தையும் மெல்ல உயர்த்தினான். இந்த ஊரில் புருவம் உயர்ந்தால் சம்மதம். அதற்குமேல் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. டேவன்போர்ட் இன்னும் பதிலுக்காக அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரின்னுட்டான்," என்றாள் ஹக்பி. "உக்பிக் ஏரி."

டேவன்போர்ட் ஆற்றின் வடகரையைச் சுற்றிச் சிவப்புக் கோட்டைப் போட்டார். நாக்கு உள்ளே வந்தது. பிறகு ரப்பரை எடுத்துக்கொண்டு ஏரியின் பக்கம் குனிந்தார்.

தபதாய் கையை நீட்டினான். "என்கிட்டக் குடுக்கச் சொல்லு."

சிவப்புப் பென்சில் லேசில் அழியாது. அவன் நிதானமாக, ஏரியின் வடக்கு மூலையில் தொடங்கி, கரையோடு கரையாக அழித்துக்கொண்டே வந்தான். கிழக்கு மேடு வந்தபோது கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் அழித்தது. காகிதத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை மட்டும் தங்கிவிட்டது. விமானி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து ஏதோ கத்தினான். யாரும் திரும்பவில்லை.

அழித்து முடித்ததும் தபதாய் ரப்பர் துகள்களை உள்ளங்கையின் ஓரத்தால் ஒதுக்கிக் குவித்தான். மேசைப் பலகையின் விரிசலில் சிக்கியதை நகத்தால் நோண்டி எடுத்தான். ரீட் குப்பைக்கூடையைக் காலால் அவன் பக்கம் தள்ளி வைத்தான். தபதாய் அதைக் கவனிக்கவில்லை. துகள் ஒன்றுகூட மிச்சம் விடாமல் மேல்சட்டைப் பைக்குள் போட்டு, பையின் பொத்தானை மாட்டினான்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்று தங்கையிடம் கேட்டான்.